பற்றுக்கோடும் துணையும்: இரட்சணிய யாத்திரிகம் காட்டும் நெறி

'திக்கற்றவர்க்குத் தெய்வமே துணை' என்பது தமிழ் மக்கள் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பெற்றோரை இழந்த பிள்ளையைப் பார்த்தும், வழக்கில் தோற்று வீடிழந்த ஏழையைப் பார்த்தும் நாம் இதனைச் சொல்லுகிறோம். சொல்லும்போது நெஞ்சு கசிகிறது. ஆயினும், இப்பழமொழியின் அமைப்பைச் சற்றே உற்று நோக்குதல் வேண்டும். முதலில் ஒருவனுக்குத் திக்கு இருக்கிறது. உறவும் நட்பும் செல்வாக்கும் சேர்ந்தது அத்திக்கு. பின்னர் அஃது அற்றுப்போகிறது. அற்ற பிறகே தெய்வம் வருகிறது. மனிதர் முதல், அவர் கைவிட்ட இடத்தில் தெய்வம். இதுவே பழமொழி காட்டும் வரிசை.

கிறிஸ்தவ வேதம் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுகிறது. பிரபுக்களை நம்புவதினும் ஆண்டவரை நம்புதல் நன்று என்பது சங்கீதங்களில் திரும்பத் திரும்ப வரும் கருத்து. எரேமியா தீர்க்கர் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். மனிதனையே வலிமையாகக் கொண்டவன் வறண்ட நிலத்துச் செடியை ஒப்பான் என்றும், கடவுளை நம்பினவன் நீரோரத்து மரத்தை ஒப்பான் என்றும் அவர் இரண்டு படங்களை எதிரெதிரே வைக்கிறார். அசீரியப் படைக்கு அஞ்சிய யூதேயா எகிப்தின் உதவியை எதிர்பார்த்திருந்தது. அந்த எகிப்து முறிந்த நாணற்கோலுக்கு ஒப்பிடப்படுகிறது. ஊன்றியவனைத் தாங்காததோடு அக்கோல் அவன் கையையும் குத்திக் கிழித்துவிடும்.

இவற்றைக் கற்கும்போது ஓர் ஐயம் எழுகிறது. கடவுளை நம்புவோன் மனிதரை விட்டுவிட வேண்டுமா? 'மனிதரை நம்பாதே' என்பதற்கு 'மனிதர் எனக்கு வேண்டா' என்று பொருள் கொள்ளலாமா? அப்படிப் பொருள் கொள்வோர் உண்டு. பிறர் செய்த உதவிக்கு நன்றி கூறாமல், 'எல்லாம் ஆண்டவர் செய்தார்' என்று கடந்து போவோரும் உண்டு. மறுபுறம், ஒரு போதகரையோ ஒரு தலைவரையோ கடவுளுக்குச் சமமாகப் பற்றிக்கொண்டு, அவர் தவறிய நாளில் நம்பிக்கையையே இழப்போரும் உண்டு. இரண்டும் பிழை என்று சொல்லுதல் எளிது. எப்படிப் பிழை என்று காட்டுதல் அரிது. அதைக் காட்டும் தமிழ்ப் பெருநூல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றி 1894-ஆம் ஆண்டில் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகமே அது.

நூலும் முதல்நூலும்

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பில் 1827-இல் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர் கிருஷ்ண பிள்ளை. கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். 1900-இல் மறைந்தார். 3,600க்கும் மேற்பட்ட செய்யுட்களைக் கொண்ட இக்காப்பியம் ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாகப் பகுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயரான ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட, தமிழில் 'மோட்சப் பிரயாணம்' என்று வழங்கும் உரைநடைக் கதையே இதன் முதல்நூல்.

பனியன் பாத்திரங்களுக்குத் தகரம் அடித்துப் பிழைத்தவர். பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாதவர். அவருடைய நடை வழிப்போக்கன் ஒருவன் மற்றொரு வழிப்போக்கனோடு பேசும் நடை. கிருஷ்ண பிள்ளையோ இலக்கணமும் காப்பிய மரபும் கைவந்த புலவர். ஒரே கதை ஒரு தொழிலாளியின் வாயிலிருந்து ஒரு புலவரின் எழுத்தாணிக்கு வந்திருக்கிறது. முதலில் கதையின் போக்கைப் பார்ப்போம். பாத்திரங்களின் பெயர்களைப் பொருள் விளங்கும்படி தமிழாக்கித் தருகிறேன்.

வழியில் நேர்ந்தவை

முதுகில் பாவச் சுமையோடு ஒருவன் அழிவு நகரத்தை விட்டுப் புறப்படுகிறான். வழியில் 'உலக ஞானி' என்பவன் எதிர்ப்படுகிறான். பக்கத்து ஊரிலே ஒருவர் இருக்கிறார், சுமையை எளிதில் இறக்கிவிடுவார் என்கிறான். பயணி அதை நம்பி வழி தவறுகிறான். மலை தலைமேல் விழுமோ என அஞ்சி நிற்கிறான். பிறகு இடுக்க வாயிலை அடைந்து, வாயில் காப்போனிடம் தன் சுமையை இறக்கித் தர முடியுமா என்று கேட்கிறான். அவனோ நல்லவன், இருந்தும் இறக்கித் தரவில்லை. உரிய இடத்தை அடையும்வரை சுமந்து செல். அங்கே அது தானே விழும் என்று சொல்லி அனுப்புகிறான். சிலுவையின் அடியில் அப்படியே நடக்கிறது. யாருடைய கையும் படாமல் சுமை கழன்று உருண்டு போகிறது.

இங்கே இரண்டு மனிதரை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். உலக ஞானி 'நான் காட்டும் ஆள் இறக்குவார்' என்றான். வாயில் காப்போன் 'என்னால் ஆகாது. மேலே போ' என்றான். முன்னவன் மனிதனைப் பற்றுக்கோடாக நிறுத்துகிறான். பின்னவன் தன்னைத் துணையாக மட்டும் வைத்துக்கொண்டு விலகி நிற்கிறான். கொடிக்குக் கொழுகொம்பு பற்றுக்கோடு. அது சாய்ந்தால் கொடியும் சாயும். துணை என்பது உடன் நடப்பது. அது நின்றுவிட்டாலும் நடப்பவன் நடக்கலாம். கதை முழுவதும் இந்த வேறுபாட்டின்மேல் அமைந்திருக்கிறது என்பது என் துணிபு.

மரண நிழலின் பள்ளத்தாக்கில் பயணி தனியே போகிறான். இருள், ஒருபுறம் பள்ளம், மறுபுறம் சேறு. அப்போது முன்னே யாரோ ஒருவன் சங்கீதம் சொல்லிக்கொண்டு போகும் குரல் கேட்கிறது. ஆளைக் காணவில்லை; குரல் மட்டும். அதைக் கேட்டுப் பயணி மகிழ்ந்ததற்குப் பனியன் காரணங்களை எண்ணிச் சொல்லுகிறார். கடவுளுக்கு அஞ்சும் வேறு சிலரும் இப்பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். அவர்களோடு கடவுள் இருக்கிறார் என்றால் தன்னோடும் இருப்பார். விரைந்து போனால் அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். அந்தக் குரல் அவனைத் தூக்கிச் செல்லவில்லை; விளக்கும் ஏற்றவில்லை. கடவுள் இருக்கிறார் என்பதை நினைவூட்டியது. துணைவன் செய்யக்கூடியது அவ்வளவே. அவ்வளவும் எத்தனை பெரிது!

அந்தக் குரலுக்கு உரியவன் 'உண்மையாளன்'. பயணி அவனை எட்டிப் பிடித்து முந்துகிறான். முந்திவிட்டோம் என்று செருக்கோடு புன்னகைக்கிறான். அந்தக் கணமே தடுக்கி விழுகிறான். உண்மையாளன் வந்து தூக்கும்வரை எழ முடியவில்லை. 'எனக்குக் கடவுள் போதும், பிறர் எனக்குப் பின்னே' என்று நினைப்பவனுக்கு இதைவிட நயமான மறுப்பு வேண்டுமோ?

மாயச் சந்தையில் உண்மையாளன் கொல்லப்படுகிறான். பயணியின் பயணம் நிற்கவில்லை. உண்மையாளன் பற்றுக்கோடாக இருந்திருப்பின் அங்கேயே நின்றிருக்கும். பிறகு 'நம்பிக்கையாளன்' வந்து சேருகிறான். இருவரும் பாதை கரடுமுரடாக இருப்பதைக் கண்டு சலிக்கிறார்கள். பக்கத்துப் புல்வெளி வழி மெத்தென்று இருக்கிறது. அவ்வழியே போகலாம் என்கிறான் பயணி. நம்பிக்கையாளனுக்குத் தொடக்கத்திலேயே ஐயம் உண்டு. வெளிப்படையாகத் தடுத்திருப்பான், பயணி தன்னினும் மூத்தவன் என்று அடங்கிப் போனான். முடிவில் இருவரும் ஐயக்கோட்டையில் அவநம்பிக்கை அரக்கனிடம் சிறைப்படுகிறார்கள். மூத்தோர் சொல்லை மதித்தல் தமிழர் பண்பு, அது நன்றே. ஆனால் மூத்தோர் சொல்லே வழியாகிவிடும்போது துணை பற்றுக்கோடாக மாறுகிறது. மாறிய இடத்தில் கோட்டையின் கதவு மூடுகிறது.

அதே சிறையில் மற்றொன்றும் நடக்கிறது. அடி தாங்காத பயணி உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்று எண்ணுகிறான். இளையவன் அவனைத் தடுத்து, அவன் முன்பு காட்டிய வீரத்தை எடுத்துச் சொல்லி, பொறுத்திருக்க வைக்கிறான். பின்னரே பயணிக்குத் தன் மடியில் 'வாக்குத்தத்தம்' என்னும் திறவுகோல் இருப்பது நினைவு வருகிறது. கதவைத் திறந்தது அக்கோல். அது நினைவு வரும்வரை அவனை உயிரோடு வைத்தது தோழனின் சொல்.

இறுதியில் பாலமில்லாத ஆறு. பயணி மூழ்கத் தொடங்குகிறான். நம்பிக்கையாளன் அவன் தலையை நீருக்கு மேலே பிடித்துக்கொண்டு, 'அடியில் தரை தட்டுகிறது' என்று தைரியம் சொல்லுகிறான். அதே ஆற்றை 'அறியாமை' என்பவனும் கடக்கிறான். அவன் நடக்கவில்லை. 'வீண்நம்பிக்கை' என்னும் ஓடக்காரன் தன் ஓடத்தில் ஏற்றிக்கொண்டு கரை சேர்க்கிறான். ஆனால் வாயிலில் காட்டவேண்டிய சீட்டு அவன் கையில் இல்லை; மோட்சத்தின் வாசலிலிருந்தே அவன் தள்ளப்படுகிறான். ஒருவன் தோழனின் கையால் தாங்கப்பட்டும் தன் காலால் நடந்தான். மற்றவன் இன்னொருவனின் ஓடத்தில் உட்கார்ந்திருந்தான். துணைக்கும் பற்றுக்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த ஆற்றில் தெளிவாகிறது.

கிருஷ்ண பிள்ளை சேர்த்தது

இனி, தமிழ்ப் புலவர் செய்த புதுமைக்கு வருவோம். பனியனின் கதையில் கிறிஸ்துவின் பாடுகள் தனி வரலாறாக விரியவில்லை. சிலுவை வழியில் ஒரு மேட்டில் நிற்கிறது, சுமை விழுகிறது, கதை மேலே செல்லுகிறது. கிருஷ்ண பிள்ளையோ இரட்சணிய சரிதப் படலம் என்ற பகுதியை அமைத்து, ஆண்டவர் பட்ட பாடுகளை விரித்துப் பாடுகிறார். நூலில் மிகுதியாகப் பயிலப்படும் பகுதியும் இதுவே. இதனை வெறும் விரிவு என்று தள்ளிவிட முடியாது. இரண்டு காரணங்களால் இது நூலின் உயிர்நாடி.

ஒன்று, காப்பிய மரபு பற்றியது. காப்பியத்திற்கு ஒப்பற்ற தலைவன் வேண்டும் என்பது தண்டியாசிரியர் கொள்கை. பயணி அப்படிப்பட்டவன் அல்லன். அவன் அழுகிறான், சேற்றில் விழுகிறான், தவறான வழியில் போகிறான். அவனைத் தலைவனாக்கினால் காப்பியம் நிற்காது. அவனை வீரனாக்கினால் கதை நிற்காது. பாடுகளின் வரலாற்றை நூலினுள் கொண்டுவந்தவுடன் சிக்கல் தீர்ந்தது. ஒப்பற்ற தலைவர் கிறிஸ்து. பயணி அவரைப் பற்றியவன். இலக்கணம் கேட்ட இடத்திலேயே பக்தியும் அதைக் கேட்டது. மனிதனைப் பற்றுக்கோடாகக் கொள்ளலாகாது என்னும் கருத்து நூலின் அமைப்பிலேயே ஏறிவிட்டது.

மற்றொன்று, நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நற்செய்தி நூல்கள் கூறும் பாடுகளின் வரலாறு, மனிதர் கைவிட்ட வரலாறும் ஆகும். ஒருவன் காட்டிக் கொடுத்தான். ஒருவன் மறுதலித்தான். ஏனையோர் ஓடினர். எல்லாரும் தம்மைத் தனியே விட்டுப் போவார்கள் என்றும், தந்தை உடனிருப்பதால் தாம் தனித்திரார் என்றும் இயேசு முன்னரே சொன்னதை யோவான் எழுதியுள்ளார். இதைவிட உறுதியாகக் கடவுளைச் சார்தல் என்ன? ஆனால் அதே இரவில் கெத்செமனேயில் அவர் செய்ததையும் பார்க்கவேண்டும். மூன்று சீடரை அருகே அழைத்து, தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் உறங்கினார்கள். திரும்ப வந்து எழுப்பினார், மீண்டும் உறங்கினார்கள். சிலுவையில் தொங்கும்போதும் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைத்தார்.

அவர் மனிதரின் துணையை இழிவாக எண்ணவில்லை. வாய் திறந்து கேட்டார். கிடைக்காதபோது சினந்து அவர்களைத் தள்ளிவிடவும் இல்லை. அவர்கள் உறங்கியதால் அவர் சாயவில்லை. ஏனெனில் சாய்ந்திருந்த இடம் வேறு. துணையைக் கேட்கலாம், துணை தவறினால் மன்னிக்கலாம், தவறியதால் தான் விழாமல் நிற்கலாம். மனிதரிடம் பற்றுக்கோட்டை எதிர்பார்ப்பவனால் அவர்களை மன்னிக்க முடியாது. அவர்கள் தவறும்போது அவனுடைய உலகமே சரிந்துவிடுகிறது. கடவுளிடம் ஊன்றி நிற்பவனுக்கே மனிதரின் குறையைப் பொறுக்கும் வலிமை உண்டு. மறுதலித்த பேதுரு பிறகு சீடர்களுள் முதல்வராக நின்றார் என்பது அந்தப் பொறுமையின் பயன்.

கிருஷ்ண பிள்ளை நூலின் இடையிடையே தேவாரப் பதிகங்களையும் அமைத்தார். பனியன் உரையாடலால் விளக்கியதை இவர் விண்ணப்பமாகப் பாடுகிறார். சரணாகதி என்னும் சொல்லின் சுவை வைணவக் குடியில் பிறந்தவருக்குக் கற்பிக்க வேண்டியதன்று. கம்பனைப் பயின்றோர் வீடணன் அடைக்கலத்தை நினைவு கூரலாம். அண்ணனாகிய இராவணனை விட்டு இராமனைச் சரணடைந்தான் வீடணன். இரத்த உறவைவிட அறத்தைப் பெரிதாகக் கொண்டான். ஆயினும் அவன் தனியே வரவில்லை. அமைச்சர் நால்வர் உடன் வந்தனர். அடைக்கலம் ஒருவரிடத்தில், நடை பலரோடு. இந்த அமைப்பு நமக்குப் புதியதன்று. ஆகவேதான் பனியனின் கதை கிருஷ்ண பிள்ளையின் கையில் அயல்நாட்டுச் சரக்காகத் தோன்றவில்லை.

குறையும் ஐயமும்

நூலின் குறையையும் சொல்லுதல் திறனாய்வின் கடமை. பனியனின் வலிமை எளிமையில் இருக்கிறது. பயணி தடுக்கி விழுந்தான் என்றால் விழுந்தான், அவ்வளவே. காப்பிய நடை அந்த விழுகையையும் அணி செய்ய விரும்புகிறது. வருணனையும் சொல்லடுக்கும் பெருகும்போது, கலங்கி நிற்கும் மனிதன் செய்யுளின் பின்னே மறைந்துவிடுகிறான். தோழர் இருவர் பேசிக்கொண்டே நடக்கும் நெருக்கமும் சற்றுக் குறைகிறது. கற்போர் இவ்விடங்களில் முதல்நூலையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பாடுகளின் வரலாற்றிலும் பதிகங்களிலுமோ எனில், நிலைமை வேறு. அங்கே தமிழ்ப் புலவர் முதல்நூலாசிரியரைக் கடந்து நிற்கிறார்.

இன்னும் ஓர் ஐயத்திற்கு விடை கூறவேண்டும். பயணி மனைவி மக்களை விட்டுவிட்டு, அவர்கள் அழைப்பது கேளாதபடி காதைப் பொத்திக்கொண்டு ஓடினானே, இது அறமா என்று மாணவர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்வியே. பனியனும் இதை உணர்ந்திருந்தார். அரண்மனை ஒன்றில் 'அன்பு' என்னும் மங்கை, ஏன் குடும்பத்தை அழைத்து வரவில்லை என்று பயணியைக் கேட்கிறாள்; அவன் அழுகிறான். கேள்வி அங்கே முழுதும் தீரவில்லை. 1684-இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில்தான் மனைவியும் நான்கு மைந்தரும் அதே வழியில் வருகிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டி உண்டு, தோழர் பலர் உண்டு.

பனியனின் சொந்த வாழ்வு இதற்குச் சிறந்த உரை. அனுமதியின்றிப் பிரசங்கித்தார் என்று 1660-இல் அவரைப் பெட்போர்டு சிறையில் அடைத்தனர். இனிப் பிரசங்கிப்பதில்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் வெளியே வந்திருக்கலாம்; சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள், 1672 வரை, சிறை. வீட்டில் சிறு பிள்ளைகள். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. அவர்களைப் பிரிந்தது எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்றிருந்தது என்னும் பொருள்பட 1666-இல் வெளியிட்ட தம் வரலாற்றில் எழுதினார். பிள்ளைகளைக் கடவுளிடம் ஒப்படைத்தேன் என்று துணிந்தார். துணிந்தபின் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாரா? இல்லை. சிறையிலேயே காலணிக் கயிறுகள் முடைந்து விற்றுக் குடும்பத்திற்கு அனுப்பினார். அவர் மனைவி எலிசபெத்து 1661-இல் நீதிபதிகள்முன் நின்று கணவருக்காக வாதாடினார். நல்லோர் தரும் உதவியைத் தவிரப் பிழைக்க வேறு வழியில்லை என்று அவர் கூறினார்.

கடவுள் பிள்ளைகளைக் காத்தார் என்று பனியன் நம்பினார். எப்படிக் காத்தார்? தகப்பன் முடைந்த கயிற்றினாலும், தாயின் நாவினாலும், பெயர் தெரியாத நல்லோரின் கையினாலும் காத்தார். கடவுளை நம்புதல் மனிதரின் உதவியை நீக்குவதாயின், அக்குழந்தைகள் பட்டினியால் இறந்திருக்க வேண்டும்.

தொடக்கத்தில் கண்ட பழமொழிக்குத் திரும்புவோம். திக்கற்றவர்க்குத் தெய்வம் துணை என்றது அது. இரட்சணிய யாத்திரிகமும் அதன் முதல்நூலும் சொற்களை இடம் மாற்றுகின்றன. தெய்வம் துணை மட்டும் அன்று, அதுவே பற்றுக்கோடு, திக்கு உள்ளபோதும் அற்றபோதும் அதுவே. மனிதர் பற்றுக்கோடு அல்லர், அவர் துணை. இந்நூலைப் பாடம் சொல்லும் ஆசிரியர், மாணவர் முன்னே இந்த இரண்டு சொற்களையும் பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குவாராயின், காப்பியத்தின் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி, தனக்கு முன்னே இருளில் யாரோ சொல்லிச் செல்லும் சங்கீதத்தைக் கேட்டவனுக்கும், தனக்குப் பின்னே வருபவன் கேட்கும்படி தானும் சொல்லிச் செல்பவனுக்கும் விளங்கும்.